யார், எப்போது, எதை மாற்றினார்: டிரிகர்கள் கொண்டு பதிவுகளின் மாற்ற வரலாற்றை எழுதும் முழுமையான வழிகாட்டி

வாடிக்கையாளர் அட்டவணையில் ஒருவருடைய கடன் வரம்பு நேற்று வரை 50,000 ஆக இருந்தது. இன்று காலையில் 75,000 ஆக இருக்கிறது. யார் மாற்றினார், எந்த நேரத்தில் மாற்றினார், கூடவே வேறு எந்தப் புலத்தையாவது தொட்டாரா என்று கேட்டால், அந்த அட்டவணையிடம் பதில் இல்லை. மதிப்பைத் திருத்தும் அப்டேட் கட்டளை ஓடி கமிட் ஆனதும், அதாவது மாற்றம் நிலையாகச் சேமிக்கப்பட்டதும், கேட்பவருக்குக் கிடைப்பது புதிய மதிப்பு மட்டுமே. பழைய மதிப்பு வேண்டுமென்றால், அது மாறும்போதே அதை வேறோர் இடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

செயலியின் நிரலிலேயே இதை எழுதிவிடலாமே என்று முதலில் நானும் நினைத்தேன். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் அப்படித்தான் இருந்தது: சேமிக்கும் ஒவ்வொரு இடத்திலும் வரலாற்றுக் குறிப்பு எழுதும் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு நாள் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளின் நிலை மாறியிருந்தது. செயலியின் வரலாற்றிலோ ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான், இரவில் ஓடும் ஒரு திருத்த ஸ்கிரிப்ட் செயலியைத் தொடாமல் நேராகத் தரவுத்தளத்தில் எழுதியிருந்தது தெரிந்தது. தரவு மாறுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அத்தனை வழிகளும் வந்து சேரும் இடம் தரவுத்தளம் ஒன்றுதான். வரலாற்றை அங்கே எழுத வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

டிரிகர் என்பது, ஓர் அட்டவணையில் இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (திருத்தல்), டெலீட் (நீக்கல்) ஆகியவற்றில் ஒன்று நிகழும்போது தரவுத்தளம் தானாகவே இயக்கும் சிறு நிரல். தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியின் தரநிலையில் இது 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. ஆயினும் ஒவ்வொரு தரவுத்தளமும் இதைத் தன் போக்கில்தான் செயல்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு மட்டும் நமக்கு மிக முக்கியம்: டிரிகர் எழுதுவதும் மூல மாற்றமும், முழுவதும் நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத செயல் தொகுப்பான ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்கின்றன. மாற்றம் ரோல்பேக் ஆனால், அதாவது திரும்பப் பெறப்பட்டால், குறிப்பும் மறையும். குறிப்பு எழுத முடியாமல் போனால் மாற்றமும் நிற்கும். நடக்காத ஒன்றுக்குக் குறிப்பு இருப்பதோ, நடந்த ஒன்றுக்குக் குறிப்பு இல்லாமல் போவதோ இதனால் தவிர்க்கப்படுகிறது.

இந்த வழிகாட்டி போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தை முதன்மையாக வைத்துச் செல்கிறது. மற்ற தரவுத்தளங்கள் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டிக்காட்டுகிறேன்.

முதல் படி: எதைக் கண்காணிப்பது என்று முடிவு செய்தல்

எல்லா அட்டவணைகளிலும் டிரிகர் வைக்கும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பணம், அனுமதி, ஒப்பந்தம், மனிதரின் அடையாளம் ஆகியவற்றைத் தாங்கும் அட்டவணைகளுக்கு வரலாறு தேவை. நொடிக்கு நொடி மாறும் எண்ணிக்கைகள், செஷன் விவரங்கள், கேஷ் போன்றவற்றுக்குத் தேவையில்லை. அவை வரலாற்று அட்டவணையை நிரப்பி, தேடுவதைக் கடினமாக்கும். கடவுச்சொல்லின் ஹாஷ் (திருப்ப முடியாதபடி மாற்றிய வடிவம்), அணுகல் டோக்கன் போன்ற புலங்களைக் குறிப்பில் சேர்க்கவே கூடாது. மூல அட்டவணையில் மாற்றியும் அழித்தும் பாதுகாக்கப்படும் இரகசியம், வரலாற்று அட்டவணையில் நகலாக என்றென்றும் தங்கிவிடும்.

இரண்டாம் படி: வரலாற்று அட்டவணையை வடிவமைத்தல்

இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒவ்வோர் அட்டவணைக்கும் அதே புலங்களைக் கொண்ட ஒரு நிழல் அட்டவணை வைப்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அட்டவணை வைத்து, பழைய, புதிய மதிப்புகளைப் புலப்பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் சேமிப்பது மற்றொன்று. நிழல் அட்டவணையில் தரவு வகைகள் அப்படியே காக்கப்படும், குவெரி எழுதுவதும் எளிது. ஆனால் மூல அட்டவணையில் ஒரு புலம் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் நிழலையும் டிரிகரையும் திருத்த வேண்டும். அப்படித் திருத்த மறந்த நாள் கட்டாயம் வரும். எனவே போஸ்ட்கிரெஸில், 9.4 பதிப்பிலிருந்து கிடைக்கும், ஜேசனைச் சேமிப்பதற்கான ஜேசன்பி வகையைப் பயன்படுத்தும் பொது அட்டவணையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அதில் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

குறிப்பு எண்: 88213
அட்டவணை: வாடிக்கையாளர்
பதிவின் சாவி: 1047
செயல்: அப்டேட்
பழையது: கடன்_வரம்பு 50000
புதியது: கடன்_வரம்பு 75000
தரவுத்தளப் பயனர்: செயலி_இணைப்பு
செயலிப் பயனர்: 312
டிரான்சாக்‌ஷன் எண்: 5590127
நேரம்: 2024-03-11 22:41:07+00

குறிப்பு எண்ணுக்குப் பெரிய முழு எண் வகையை வையுங்கள். இந்த அட்டவணை மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக வளரும். நேரத்துக்கு நேர மண்டலத்தோடு கூடிய வகையே வேண்டும். பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் சாவியை உரையாக வைத்தால், எண் சாவி உள்ள அட்டவணையும் யூயூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம்) சாவி உள்ள அட்டவணையும் ஒரே இடத்தில் பொருந்தும். டிரான்சாக்‌ஷன் எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே சேமிப்பில் மூன்று அட்டவணைகள் மாறியிருந்தால், அவை மூன்றும் ஒரே செயலின் பகுதிகள் என்று பின்னால் சொல்லக்கூடியது அந்த எண் ஒன்றுதான்.

வரலாற்று அட்டவணையிலிருந்து மூல அட்டவணைக்கு அயல் சாவி, அதாவது ஓர் அட்டவணையின் பதிவை இன்னொன்றின் பதிவோடு கட்டிவைக்கும் ஃபாரின் கீ, வைக்க வேண்டாம். வைத்தால், மூலப் பதிவை நீக்கும்போது வரலாறு அதைத் தடுக்கும், அல்லது தானும் சேர்ந்து நீங்கும். நீக்கப்பட்ட பதிவின் கதைதான் நமக்கு அதிகம் தேவைப்படும். விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் ஒன்று போதும்: அட்டவணைப் பெயர், சாவி, நேரம் என்ற வரிசையில். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வோர் இண்டெக்ஸும் ஒவ்வொரு முறை எழுதும்போதும் சுமையாக ஏறும்.

மூன்றாம் படி: டிரிகர் ஃபங்ஷன்

போஸ்ட்கிரெஸில் டிரிகரும் அது இயக்கும் ஃபங்ஷனும் தனித்தனி. ஃபங்ஷனை ஒரு முறை எழுதி, எத்தனை அட்டவணைகளோடும் இணைக்கலாம். போஸ்ட்கிரெஸுக்கே உரிய பிஎல்பிஜிஎஸ்கியூஎல் (PL/pgSQL) மொழியில், டிரிகர் என்ற வகையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக அதை எழுத வேண்டும். உள்ளே பழைய பதிவு ‘ஓல்ட்’ என்ற பெயரிலும், புதிய பதிவு ‘நியூ’ என்ற பெயரிலும் கிடைக்கும். நடந்த செயல் எது, எந்த அட்டவணையில் என்பதையும் தரவுத்தளமே சிறப்பு மாறிகளில் தந்துவிடும். இன்சர்ட்டில் ‘ஓல்ட்’ இல்லை, டெலீட்டில் ‘நியூ’ இல்லை. எனவே செயலைப் பார்த்து மூன்று கிளைகளாகப் பிரிய வேண்டும். முதல் கிளை புதியதை மட்டும் எழுதும், கடைசிக் கிளை பழையதை மட்டும் எழுதும்.

நடுக் கிளையான அப்டேட்டில்தான் கவனம் வேண்டும். ‘ஓல்ட்’, ‘நியூ’ இரண்டையும் ஜேசன்பியாக மாற்றி, புதியதின் ஒவ்வொரு புலத்தையும் எடுத்து, பழையதில் அதே மதிப்பு இல்லாதவற்றை மட்டும் தொகுக்க வேண்டும். நாற்பது புலங்கள் உள்ள பதிவில் ஒரு தொலைபேசி எண் மாறியதற்கு எண்பது மதிப்புகளை எழுதுவது இடத்தையும் வீணாக்கும், படிப்பவரின் கண்ணையும் சோர்வடையச் செய்யும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. புலங்களை நேரடியாக, சமமில்லை என்ற குறியால் ஒப்பிட்டால், ஒரு பக்கம் மதிப்பே இல்லாத நிலையைக் குறிக்கும் ‘நல்’ ஆக இருக்கும்போது விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல. அதுவும் ‘நல்’ தான். நிபந்தனை நிறைவேறாததால் குறிப்பு எழுதப்படாது. காலியாக இருந்த மின்னஞ்சல் முகவரி முதன்முறை நிரப்பப்படுவதும், இருந்த முகவரி அழிக்கப்படுவதும் ஓசையின்றி நழுவிவிடும். அதாவது எந்த மாற்றங்களைப் பற்றி அதிகம் விசாரிப்பார்களோ, சரியாக அவையே விடுபடும். போஸ்ட்கிரெஸில் ‘இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்’ என்ற ஒப்பீட்டையும், மைஎஸ்கியூஎல்லில் சிறிது, சமம், பெரிது என்ற மூன்று குறிகளும் சேர்ந்த ஒப்பீட்டின் எதிர்மறையையும் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று: கடைசியாகத் திருத்திய நேரத்தைத் தாங்கும் புலம் இருந்தால் அதை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள். இல்லையேல், பயனர் எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை அழுத்தினாலும் அந்த ஒரு புலம் மாறி, வெற்றுக் குறிப்பு ஒன்று உருவாகும்.

பிழை வந்தால் விழுங்கிவிடும் எக்செப்ஷன் பகுதியை இந்த ஃபங்ஷனில் சேர்ப்பவர்கள் உண்டு. வரலாற்றுக்காக முதன்மை வேலை நிற்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்பதில்லை. சில நேரம் எழுதி, சில நேரம் எழுதாமல் விடும் வரலாற்றை எவரும் சான்றாகக் காட்ட முடியாது.

நான்காம் படி: டிரிகரை இணைத்தல்

செயலுக்கு முன், செயலுக்குப் பின் என்று டிரிகருக்கு இரண்டு வேளைகள் உண்டு. வரலாற்றுக்கு உரியது பின் வேளை, அதாவது ‘ஆஃப்டர்’. முன் வேளையில் வேறொரு டிரிகர் ‘நியூ’ பதிவை இன்னும் திருத்தக்கூடும். போஸ்ட்கிரெஸ் ஒரே வகை டிரிகர்களைப் பெயரின் அகரவரிசைப்படி இயக்குவதால், நம்முடையது முன்னதாக ஓடினால் இறுதி மதிப்பைத் தவறவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இருந்தால் திருத்து, இல்லையேல் சேர் என்ற பொருளுடைய ‘ஆன் கான்ஃபிளிக்ட்’ கட்டளையில் வருகிறது. முடிவில் அது அப்டேட்டாக மாறினாலும், இன்சர்ட்டுக்கான முன் வேளை டிரிகர் முதலில் ஓடியே தீரும். அங்கே குறிப்பு எழுதினால், சேர்க்கப்படாத ஒரு பதிவு சேர்க்கப்பட்டதாக வரலாறு சொல்லும். திருத்திய நேரத்தை நிரப்புவது போன்ற வேலைகளுக்கு முன் வேளையை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிகருக்கு ‘வென்’ நிபந்தனை சேர்த்தால், உண்மையில் எதுவும் மாறாத அப்டேட்டுக்கு ஃபங்ஷன் அழைக்கப்படவே மாட்டாது. ஆனால் இன்சர்ட் டிரிகரின் நிபந்தனையில் ‘ஓல்ட்’ வரக் கூடாது என்பதால், அப்டேட்டுக்குத் தனி டிரிகர் வைக்க நேரிடும். குறிப்பிட்ட புலங்களுக்கு மட்டும் அப்டேட் டிரிகரைக் கட்டும் வசதியும் உண்டு. அது கட்டளையில் அந்தப் புலம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டதா என்பதைத்தான் பார்க்கிறது. முன் வேளை டிரிகர் ஒன்று அதே புலத்தை மாற்றினால் அது கவனிக்காது. ஆகவே வரலாற்றுக்கு அதை நம்ப வேண்டாம்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு டிரிகர் ஒரு செயலுக்கு மட்டுமே; எனவே அட்டவணைக்கு மூன்று எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: மாற்றியவர் யார்

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் பகுதி இது; நடைமுறையில் வரலாறு பயனற்றுப் போவது பெரும்பாலும் இங்கேதான். தரவுத்தளத்துக்குத் தெரிந்த பயனர், இணைப்பில் நுழைந்த பயனர் மட்டுமே. இன்றைய செயலிகள் ஒரே பெயரில் திறந்த சில இணைப்புகளை எல்லாப் பயனர்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. விளைவு: பல்லாயிரம் குறிப்புகள், அத்தனையிலும் பயனர் ‘செயலி_இணைப்பு’.

உண்மையான பயனரின் எண்ணைச் செயலிதான் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் இதற்கு வசதியான வழி, புள்ளியோடு கூடிய தனிப்பெயர் கொண்ட ஓர் அமைப்பு மாறி. டிரான்சாக்‌ஷன் தொடங்கியவுடன், ‘செட் கான்ஃபிக்’ ஃபங்ஷனை அழைத்து, மாறியின் பெயர், பயனர் எண் ஆகியவற்றோடு மூன்றாவது மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால், அந்த அமைப்பு அந்த டிரான்சாக்‌ஷனோடு முடிந்துவிடும். டிரிகர் ஃபங்ஷன் அதை ‘கரன்ட் செட்டிங்’ வழியே படிக்கும். அங்கும் இரண்டாவது மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால், மாறி இல்லாதபோது பிழை வராமல் ‘நல்’ கிடைக்கும்.

இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரும். முதலாவது, அமைப்பை டிரான்சாக்‌ஷனுக்குப் பதிலாக இணைப்பு முழுவதற்கும் வைப்பது. இணைப்பு அடுத்த பயனருக்குக் கைமாறும்போது பழையவரின் எண்ணும் உடன் போகும். ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவர் மேல் ஏறும். பெயரே இல்லாத வரலாற்றை விட இது பல மடங்கு மோசமானது, ஏனெனில் படிப்பவர் அதை நம்பிவிடுவார். இரண்டாவது மிக நுணுக்கமானது: ஓர் இணைப்பில் அந்த மாறி ஒரு முறை வைக்கப்பட்டு டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகு, அதே இணைப்பில் மீண்டும் படித்தால் ‘நல்’ வருவதில்லை, வெற்று உரை வருகிறது. அதை எண்ணாக மாற்ற முயலும் ஃபங்ஷன் பிழையோடு நிற்கும். சோதனையில் புதிய இணைப்பில் சரியாக ஓடியது, நேரடிப் பயன்பாட்டில் சில சமயம் மட்டும் உடையும். ‘நல்இஃப்’ கொண்டு வெற்று உரையை ‘நல்’ ஆக்கிய பின்னரே எண்ணாக மாற்றுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து ‘செஷன் கான்டெக்ஸ்ட்’ இதே பணியைச் செய்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அட் குறியோடு தொடங்கும் செஷன் மாறி உதவும், ஆனால் அது இணைப்பு முழுவதும் வாழ்வதால் ஒவ்வொரு முறையும் மறக்காமல் புதிதாக நிரப்ப வேண்டும். எந்தத் தரவுத்தளமானாலும் இணைப்பின் பயனரையும் செயலியின் பயனரையும் இரண்டு தனிப் புலங்களில் வையுங்கள். செயலிப் பயனர் காலியாக இருப்பதே, யாரோ நேராக நுழைந்து மாற்றியிருக்கிறார் என்பதற்கான முதல் தடயம்.

நேரத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸில் ‘நவ்’ தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். பத்து நிமிடம் ஓடும் டிரான்சாக்‌ஷனில் கடைசி மாற்றத்துக்கும் அதே நேரம்தான் பதியும். மாற்றங்களின் வரிசை முக்கியமென்றால் ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’ வேண்டும்.

ஆறாம் படி: வரலாற்றைப் பாதுகாத்தல்

மாற்றியவரே குறிப்பையும் திருத்த முடியுமானால் இத்தனை உழைப்பும் வீண். வரலாற்று அட்டவணையைத் தனி உரிமையாளரின் கீழ் வைத்து, செயலியின் பயனருக்கு அதில் எழுதவும் திருத்தவும் நீக்கவும் உள்ள அனுமதிகளை எடுத்துவிடுங்கள். டிரிகர் ஃபங்ஷனை ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று அறிவித்தால், அது தன் உரிமையாளரின் அனுமதியோடு எழுதும். அப்படி அறிவித்ததும் இரண்டு திருத்தங்கள் கட்டாயம்: ஃபங்ஷனின் தேடல் பாதையை, அதாவது அது பெயர்களைத் தேடும் இடங்களின் வரிசையை, நிலையாக வரையறுக்க வேண்டும், இல்லையேல் அதே பெயரில் வேறொரு பொருளை உருவாக்கி அதை ஏமாற்ற இடமுண்டு, மேலும் ‘கரன்ட் யூசர்’ இப்போது ஃபங்ஷனின் உரிமையாளரைக் காட்டும் என்பதால், உள்நுழைந்தவரை அறிய ‘செஷன் யூசர்’ பயன்படுத்த வேண்டும்.

உச்ச அனுமதி உள்ளவரை இந்த ஏற்பாடு தடுக்காது. அவரால் டிரிகரையே நிறுத்த முடியும். அந்த அளவுக்குச் சான்று தேவைப்படும் இடங்களில், குறிப்புகளை உடனுக்குடன் வேறொருவர் நிர்வகிக்கும் சர்வருக்கு நகலெடுக்க வேண்டும்.

ஏழாம் படி: டிரிகர் காணாத வழிகளை அடைத்தல்

டிரன்கேட் கட்டளை ஓர் அட்டவணையை முழுவதும் காலி செய்தாலும் டெலீட் டிரிகர் ஓடாது. போஸ்ட்கிரெஸில் டிரன்கேட்டுக்கென்றே கட்டளை அளவிலான டிரிகர், அதாவது பதிவுக்கு ஒரு முறை அல்லாமல் கட்டளைக்கு ஒரு முறை ஓடுவது, வைக்கலாம். அதில் பழைய பதிவுகள் கிடைக்கா. அந்த டிரிகரில் பிழையை எழுப்பி டிரன்கேட்டையே மறுப்பதுதான் என் வழக்கம். மைஎஸ்கியூஎல்லின் 5.7, 8.0 பதிப்புகளில், தாய்ப் பதிவை நீக்கும்போது அயல் சாவியின் தொடர் நீக்கத்தால் போகும் சேய்ப் பதிவுகளுக்கு டிரிகர் ஓடுவதில்லை. அங்கே சேய்ப் பதிவுகளைத் தனிக் கட்டளையால் முதலில் நீக்க வேண்டும். எஸ்கியூலைட்டில் ரீப்ளேஸ் கட்டளை பழைய பதிவை அகற்றும்போது, தொடர் டிரிகர் அமைப்பை இயக்கியிருந்தால் மட்டுமே டெலீட் டிரிகர் ஓடும். ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் போஸ்ட்கிரெஸின் லாஜிகல் ரெப்ளிகேஷன் வழியாக வரும் மாற்றங்களுக்கும், சிறப்பாக அறிவிக்காத வரை, பெறும் பக்கத்தில் டிரிகர் ஓடாது. யார் எதைப் படித்தார் என்பதை எந்தத் தரவுத்தளத்திலும் இந்த டிரிகர்கள் அறியா.

எட்டாம் படி: மொத்த மாற்றங்கள்

ஒரே கட்டளை 1,00,000 பதிவுகளை மாற்றினால், பதிவு அளவிலான டிரிகர் 1,00,000 முறை ஓடும். போஸ்ட்கிரெஸ் 10 முதல், மாறிய எல்லாப் பதிவுகளையும் பழையது, புதியது என இரண்டு தற்காலிக அட்டவணைகளாகத் தந்து, கட்டளைக்கு ஒரு முறை மட்டும் ஓடும் டிரிகரை எழுத முடிகிறது. ஒரே இன்சர்ட்டில் எல்லாக் குறிப்புகளையும் எழுதிவிடலாம். இவ்வகை டிரிகர் ஒன்று ஒரு செயலுக்கு மட்டுமே. பழையதையும் புதியதையும் சாவியால் இணைக்க வேண்டியிருப்பதால், சாவியே மாறினால் இணை பிரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் இது விருப்பத் தேர்வு அல்ல: அங்கே டிரிகர் எப்போதும் கட்டளைக்கு ஒரு முறைதான் ஓடும். ‘இன்சர்ட்டட்’, ‘டெலீட்டட்’ என்ற இரண்டு அட்டவணைகளில் பல பதிவுகள் இருக்கலாம். அவற்றிலிருந்து ஒரு மதிப்பை மாறிக்குள் எடுத்து எழுதும் டிரிகர், ஒரு பதிவை மாற்றும் சோதனையில் தேறிவிடும். ஐம்பது பதிவுகள் மாறும் நாளில் ஒரே ஒரு குறிப்பை எழுதிவிட்டு அமைதியாக இருக்கும். ஆரக்கிளில், பதிவு அளவிலான டிரிகர் தான் அமர்ந்திருக்கும் அட்டவணையையே படிக்க முயன்றால் 4091 என்ற பிழை எண்ணோடு நிற்கும். 11ஜி பதிப்பில் வந்த கூட்டு டிரிகர் அதற்குத் தீர்வு.

ஒன்பதாம் படி: சோதித்தல்

டிரிகர் ஓடுகிறதா என்று ஒரு அப்டேட் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. காலியான புலத்தை நிரப்பியும், நிரம்பியதைக் காலியாக்கியும் பாருங்கள். எதையும் மாற்றாத அப்டேட்டுக்குக் குறிப்பு வரக் கூடாது. மாற்றிவிட்டு ரோல்பேக் செய்தால் குறிப்பும் மறைந்திருக்க வேண்டும். ஒரே கட்டளையால் பல பதிவுகளை மாற்றி, குறிப்புகளின் எண்ணிக்கை சரியா என்று எண்ணுங்கள். ஒரே இணைப்பில் இரண்டு பயனர்களின் டிரான்சாக்‌ஷன்களை அடுத்தடுத்து ஓட்டி, பிறகு பயனரைக் குறிக்காமல் மூன்றாவதையும் ஓட்டுங்கள்; மூன்றாவது குறிப்பில் செயலிப் பயனர் காலியாக இருந்தால்தான் ஐந்தாம் படி சரியாக முடிந்தது என்று பொருள். செயலியின் பயனராக நுழைந்து வரலாற்றை அழிக்க முயன்று, மறுக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பத்தாம் படி: வளர்ச்சியும் வாசிப்பும்

வரலாற்று அட்டவணையைத் தொடக்கத்திலேயே மாதவாரிப் பகுதிகளாகப் பிரித்து வையுங்கள். காலம் கடந்தவற்றை அகற்றும்போது, கோடிக்கணக்கான பதிவுகளை டெலீட் செய்வதற்குப் பதிலாக ஒரு பகுதியை அப்படியே கழற்றிவிடலாம். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை நிரலாளர் தனியே முடிவு செய்யக் கூடாது. ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை அழிக்கும் கடமை உங்கள் அமைப்புக்கு இருந்தால், அந்த விவரங்கள் வரலாற்றிலும் நகலாக இருக்கின்றன என்பதை அந்த முடிவை எடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு பதிவு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்று அறிய, இன்றைய பதிவிலிருந்து தொடங்கி, அந்த நாளுக்குப் பிந்தைய குறிப்புகளைப் புதியதிலிருந்து பழையதாக எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பழைய மதிப்பை அதனதன் புலத்தில் வைத்துக்கொண்டே பின்னோக்கிச் செல்ல வேண்டும். இதை ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்துவிட்டால், விசாரணை வரும் நாளில் பதற்றம் இருக்காது. புலத்தின் பெயரை நடுவில் மாற்றியிருந்தால் பழைய குறிப்புகளில் பழைய பெயரே இருக்கும். எந்த நாளில் எந்தப் பெயர் மாறியது என்பதை அதே தரவுத்தளத்தில் ஒரு சிறு அட்டவணையாக எழுதி வையுங்கள்.

எஸ்கியூஎல் சர்வர் 2016, மரியாடிபி 10.3 ஆகிய பதிப்புகளிலிருந்து, பதிவின் பழைய வடிவங்களைத் தரவுத்தளமே காக்கும் காலவழி அட்டவணைகள் கிடைக்கின்றன. முன்பு எப்படி இருந்தது என்பது மட்டும் உங்கள் கேள்வியாக இருந்தால், டிரிகர் எழுதாமல் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் மாற்றினார் என்பதும் வேண்டுமென்றால், மாற்றியவரின் எண்ணை ஒரு புலமாக மூல அட்டவணையிலேயே சேர்த்து, ஒவ்வொரு சேமிப்பிலும் அதை நிரப்ப வேண்டியிருக்கும்.